வேட்டை நாய்தானே, காட்டில் பிழைத்துக்கொள்ளாதா?

சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா வளர்த்த கன்னி இன வேட்டை நாய், பெட்டை, ஆறு வயது தாண்டிவிட்டது. பெயர் ராணி. சின்ன வயதில் முயலுக்குப் போயிருக்கிறது. அப்புறம் மூன்று நான்கு வருடம் திருவிழா ரேஸ்களில் ஓடி ஒரு குத்துவிளக்கும் இரண்டு அண்டாவும் ஜெயித்துக் கொடுத்திருக்கிறது. போன வருடத்திலிருந்து வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. சித்தப்பா இப்போது வாதம் வந்து படுக்கையில். நாயை என்ன செய்வது என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. குப்பனூர் வழியாகப் போய் ஏற்காட்டு மலையில் விட்டுவிடலாம், வேட்டை நாய்தானே, பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மாமா. மேலே ஓர் எஸ்டேட்டில் காவலுக்குக் கேட்கிறார்கள். இன்னொருவர் குட்டி எடுக்கக் கேட்கிறார். தம்பி வீட்டில் எட்டு ஆடு, கொஞ்சம் கோழி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. "நானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் இருந்து பழக்கமே இல்லாத நாய் இந்த வயதில் பழகுமா?" என்கிறார்.

பழகும் தம்பி. எப்படி என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. என் வேலையில் பெரும்பகுதி மாட்டுக்கும் ஆட்டுக்கும் போனது; நாய் என்று வந்தால் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்தான். ஓட்ட நாய்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, ஓமலூர்ப் பக்கம் ஒருவர் "இனி ஓடாது, எடுத்துக்கிறீங்களா சார்" என்று என் தலையில் கட்டிய செவலை என்கிற சிப்பிப்பாறைக் கடுவனிடம் கற்றது. என்னிடம் வந்தபோது அதற்கு ஏழு வயது. பதின்மூன்று முடிந்துதான் போனது.

மாமாவின் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள்கூட இதை நம்பித்தான் நாயை மலையில் இறக்கிவிட்டு வருகிறார்கள்.

கன்னி, சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோள், வெளிநாட்டு க்ரேஹவுண்ட் எல்லாம் ஒரே வேலைக்காக உருவான உடம்பு. மோப்பம் பிடித்து மணிக்கணக்கில் தேடுகிற நாய்கள் வேறு சாதி. இவை கண்ணால் பார்த்து ஒரே மூச்சில் துரத்துகிறவை. சில நூறு மீட்டருக்குள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் நின்று நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். அந்த முயலையும் அதுவாகவா கிளப்பியது? நாலு பேர் வரிசையாக நின்று புதரைத் தட்டிக் கிளப்பினார்கள். பிடித்ததை ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வீடு வந்த பிறகு தட்டில் களி விழுந்தது. வேட்டை ராணிக்கு வேலையாக இருந்ததே தவிரச் சாப்பாடாக ஒரு நாளும் இருந்ததில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டிய சங்ககிரிக்காரரை நடுராத்திரியில் லாரி இல்லாமல் இறக்கிவிட்டு, ரோடு அத்துப்படி, பிழைத்துக்கொள்வார் என்று சொல்வது மாதிரிதான் இது.

சேர்வராயன் மலையில் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிற இடங்களில் கழுத்துப் பட்டையோடு நாய்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எழுந்து வந்து கதவைப் பார்க்கும். தன்னை இறக்கிவிட்ட வண்டியைத் தேடுகிறதோ, பிஸ்கட்டைத் தேடுகிறதோ. உள்ளே தள்ளிப் போனால் காட்டுமாடு இருக்கிறது, மார்கழிக் குளிர் இருக்கிறது. நொண்டுகிற கால், தேய்ந்த பல். ஒரு மாதம் தாங்கினால் அதிகம். பசியில் அது ஏதாவது ஒரு மானைத் துரத்தினால் அந்தப் பழியும் நாய்க்குத்தான்.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் எழுதிய காலத்தில் அது காசு. இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடை. அதனால் மாமாவைச் சட்டம் காட்டிப் பயமுறுத்த முடியாது. நாய் எப்படி வேட்டையாடுகிறது என்பதைச் சொல்லிப் பாருங்கள், அதற்கு ஒரு வேளை மசிவார்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சீக்கும் இல்லை. ஸ்பெயினில் கால்கோ என்ற வேட்டை நாய் இருக்கிறது. நம் கன்னியைப் பக்கத்தில் நிறுத்தினால் அக்கா தங்கை என்பீர்கள். முயல் வேட்டைப் பருவம் முடிகிற ஜனவரி, பிப்ரவரியில் ஓட்டம் குறைந்த கால்கோக்களைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போவது அங்கே பல காலமாக நடக்கிறது. 2023-இல் அந்த நாட்டில் பிராணிகள் நலச் சட்டம் புதிதாக வந்தபோதுகூட வேட்டை நாய்களை அதிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். மறுபக்கமும் உண்டு. சீனாவை ஒட்டிய மக்காவ் நகரில் நாய்ப் பந்தய மைதானம் 2018-இல் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட க்ரேஹவுண்டுகள் கூண்டுகளில் மிச்சமிருந்தன. பிறந்ததிலிருந்து வீட்டு வாசல்படியைப் பார்க்காத நாய்கள். வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்பி வீடு கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2018-இல் மக்கள் ஓட்டுப்போட்டுப் பந்தயத்தை நிறுத்தினார்கள். 2020 முடிவதற்குள் மைதானங்கள் எல்லாம் ஓய்ந்தன. அங்கேயும் நாய்கள் வீடுகளுக்குத்தான் போயின. பழகுமா என்று கேட்டீர்களே, பதில் அந்த வீடுகளின் சோபாக்களில் மல்லாந்து தூங்குகிறது.

எஸ்டேட்டுக்கு அனுப்புவது மலையில் விடுவதைவிட மேல். ஆனாலும் நான் அனுப்பமாட்டேன். இந்த இனத்துக்கு ஒட்டிய முடி, காகிதம் மாதிரித் தோல், அடியில் கொழுப்பே கிடையாது. ஏற்காட்டில் டிசம்பர் இரவு ஒன்றை கேட் பக்கத்துத் தகரக் கொட்டகையில் சங்கிலியில் கழிப்பது என்றால் அதற்குப் பெரிய தண்டனை. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் புது ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். ஆறு வயதுவரை ஒரே ஆளிடம் இருந்த நாய் அங்கே ஒன்று ஒடுங்கிப்போகும், இல்லை கடிக்கும். கடித்தால் அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டி எடுக்கக் கேட்பவரிடம் கைகூப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு வயதுக்கு மேல், நொண்டுகிற காலோடு, ஒரு பெட்டைக்கு ஈத்து என்பது தேவையில்லாத பாரம். மேலும் கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்கு ஒரு ஆபத்து உண்டு. பருவச் சூடு அடங்கிய சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். நாய் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வாந்தி எடுக்கும். பின்பக்கம் கசிந்தால் கண்ணில் படும். கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் அதுவும் தெரியாது. "வயசாச்சு, சோர்ந்திருக்குது" என்று இரண்டு நாள் விட்டால் நாய் கையை விட்டுப் போய்விடும். ஆகவே கால் பிரச்சினை என்ன என்று தெரிந்த கையோடு கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

பேசும்போது "இது ஓட்ட நாய்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன்பு ஓர் இடத்தில் பன்றி கிழித்த காயத்தோடு வந்த நாய் ஒன்றுக்குத் தையல் போட மயக்க ஊசி போட்டார்கள். அந்தக் காலத்தில் தயோபென்டோன் என்ற மருந்துதான் கையில் இருக்கும். மற்ற நாய்களுக்குப் போடுகிற அதே கணக்கு. அந்த மருந்து ரத்தத்திலிருந்து போய் உடம்பின் தசையிலும் கொழுப்பிலும் ஒதுங்கினால்தான் நாய் விழிக்கும். ஒதுங்கக் கொழுப்பு இல்லாத உடம்பில் அது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்ட நாயின் ஈரலும் அதை மெதுவாகத்தான் கரைக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்ட ஊசி, மறுநாள் விடிகிறவரை அது எழவில்லை. நான் சாக்கைப் போர்த்தி, மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்தது. இப்போது வேறு மருந்துகள் வந்துவிட்டன, ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது.

ரத்தப் பரிசோதனையிலும் இதே விஷயம் உண்டு. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் இல்லாத நாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராணிக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். க்ரேஹவுண்டுகளுக்குச் சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிடக் கூடுதல், தட்டணுக்கள் குறைச்சல். அதாவது சாதாரண நாய்க்கு ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 40 சதவீதம் என்றால் சரி என்று விடலாம். க்ரேஹவுண்டுக்கு 40 என்றால் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். தட்டணு சற்றுக் குறைவாக வந்தால் அதை மட்டும் வைத்து உண்ணிக் காய்ச்சல் என்று முடிவுகட்டவும் கூடாது. நம் கன்னியும் அதே உடல்வாகுதான் என்பதால் டாக்டர் இதை மனதில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது கால். இதை நீங்களே வீட்டில் பாதி கண்டுபிடிக்கலாம்.

நாயைப் படுக்கப் போட்டு அமுக்க வேண்டாம், நிற்கட்டும். உங்கள் வீட்டம்மா முன்னால் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் குந்தி, முதலில் நல்ல காலை எடுங்கள். நோகிற காலைக் கடைசியில்தான் தொட வேண்டும். எடுத்ததுமே அங்கே கை வைத்தால் அப்புறம் எங்கே தொட்டாலும் இழுத்துக்கொள்ளும். நகத்தைப் பாருங்கள். நொண்டுகிற காலின் நகம் மற்ற காலைவிட நீளமாக இருந்தால் அது பல மாதமாகத் தரையில் சரியாக ஊன்றவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடுக்கில் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்து, மேலே தோல் மூடி, வெளியில் ஒன்றுமே தெரியாமல் ஒரு வருடம் நொண்டவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பாதத்தின் மெத்தையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நமக்குக் காலாணி விழுவது போல இந்த உடல்வாகு நாய்களுக்கும் விழும். வட்டமாக, வெளிறி, பொத்தான் அளவுக்கு. மண்ணில் நன்றாக நடந்து, தார் ரோட்டிலோ சிமெண்டுத் தரையிலோ ஏறியதும் நொண்டினால் பாதி சந்தேகம் இதன்மேல் வைக்கலாம்.

அடுத்து மணிக்கட்டு. நல்ல காலை மடக்கினால் பாதம் கிட்டத்தட்ட முன்கையைத் தொடும் அளவுக்கு மடங்கும். நோகிற கால் பாதியில் நின்று, நாய் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால், அங்கே பழைய அடி இருக்கிறது. வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடுகிற க்ரேஹவுண்டுகளுக்கு வலது பின்னங்காலின் கணுவில் எலும்பு முறிவது பிரசித்தம். கட்டாந்தரையில் ஓடி நிற்கிற நாய்க்கு விரலும் மணிக்கட்டும் அடிவாங்கும். சித்தப்பா எந்த மாதிரித் தடத்தில் ஓட்டினார் என்று கூடப் போனவர்களிடம் கேட்டு வையுங்கள், டாக்டருக்கு உதவும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ தோள்பட்டைக்குக் கீழேயோ எலும்போடு ஒட்டிய கெட்டியான வீக்கம், தொட்டால் சூடு, நாளுக்கு நாள் அதிக நொண்டல் என்றிருந்தால் உடனே எக்ஸ்ரே. நீண்ட கால் நாய்களுக்கு எலும்புப் புற்று வருகிற இடங்கள் அவை. ஒரு வருடமாக ஒரே மாதிரி நொண்டுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுவாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது. உங்களுக்கு நேர் ரோடு. ஆத்தூர் தாண்டினால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி. இல்லையென்றால் நாமக்கல் கல்லூரி, 1985 முதல் இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதுவரை மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைக் களியில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்கிற டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபனும் நாய்க்குக் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி ஊசியை உண்ணிக்கு என்று கணக்கில்லாமல் குத்துவதும் அப்படித்தான்.

சரி, வீட்டுக்குள் வருகிற கதை. செவலை வந்த முதல் ராத்திரியைச் சொன்னால் போதும், உங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

ஏழு வருடம் சங்கிலியும் மண்தரையும் தவிர வேறு தெரியாது அதற்கு. ஹாலில் டைல்ஸ் போட்டிருந்தோம். முதல் அடி வைத்ததும் நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. எழுந்து சுவரோரமாக ஒட்டி நின்றுகொண்டது. ஃபேனைப் போட்டால் நிமிர்ந்து பார்க்கிறது, குக்கர் விசில் அடித்தால் வாலை வயிற்றுக்குள் சொருகிக்கொள்கிறது. பீரோ கண்ணாடியில் இன்னொரு நாய் நிற்கிறதே என்று பத்து நிமிடம் அசையவில்லை. படு என்றால் படுக்கத் தெரியவில்லை. நின்றபடியே கண் சொக்குகிறது, முழங்கால் மடங்குகிறது, திடுக்கிட்டு நிமிர்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு எனக்குத் தோன்றியது. போய் மாட்டுத் தீவனச் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து சுவர் மூலையில் விரித்தேன். மோந்து பார்த்தது. மூன்று சுற்று சுற்றி, தொப்பென்று விழுந்து, ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், பக்கத்து அறையில் படுத்திருந்த என் மனைவி "யாரு?" என்று கேட்டாள்.

ஆகவே முதல் வேலை சாக்குதான். கதவிலிருந்து படுக்கை வரைக்கும் வழவழப்பான தரையில் சாக்கு விரியுங்கள். படுக்கை மட்டும் தடிமனாக இருக்க வேண்டும், பழைய மெத்தையை மடித்துப் போட்டாலும் சரி. சதையில்லாத உடம்பு, வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் தோல் தடித்து, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீட்டு நாய் என்று வெளிநாட்டில் ஒரு கணக்குச் சொல்வார்கள். செவலைக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை திட்டவோ ஓங்கவோ வேண்டாம். வெளியில் போகிற நேரத்தை மட்டும் கடிகாரம் மாதிரி வைத்துக்கொண்டால், வீட்டுக்குள் அசிங்கம் செய்வது பத்து நாளில் நின்றுவிடும். சங்கிலியில் கிடந்த நாய்கள் படுக்கிற இடத்தை நாறடிக்க விரும்புவதில்லை, இது நமக்குச் சாதகம்.

கழுத்துப் பட்டை விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இந்த நாய்களுக்குத் தலை சின்னது, கழுத்து கிட்டத்தட்ட தலையளவு. சாதாரண பெல்ட்டைப் பின்னால் நகர்ந்து ஒரு உலுக்கு உலுக்கினால் கழற்றிவிடும். இரண்டு விரல் அகலமாவது இருக்கிற தோல் பட்டையாக, காதுக்குப் பின்னால் உயரமாகப் போடுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து உளுந்தூர்பேட்டை நாலுவழிச்சாலை எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. க்ரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கன்னி அதில் முக்கால்வாசி ஓடினாலும் சாலைக்குப் போய்ச்சேர எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூனையைப் பார்த்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. வேலி இல்லாத இடத்தில் முதல் ஆறு மாதம் கயிறு இல்லாமல் விட வேண்டாம்.

ஆடும் கோழியும் வெவ்வேறு கணக்கு. பெரிய ஆட்டோடு பெரும்பாலும் பழகிவிடும். கன்றுக்குட்டிக்குப் போடுகிற வாய்க்கூடு மாதிரி, வாய் திறந்து மூச்சிரைக்க இடம் இருக்கிற கூடாகப் பார்த்து மாட்டுங்கள். துணியால் இறுக்கிக் கட்டினால் நம் ஊர் வெயிலில் மூச்சு முட்டிவிடும். கயிற்றில் பிடித்தபடி பட்டிக்கு வெளியே இருபதடி தள்ளி உட்காருங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, கண் சிமிட்டாமல் நின்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கூட்டிப் போய்விடுங்கள். தினம் பத்து நிமிடம், ஒரு மாதம். ஆட்டுக்குட்டி துள்ளி ஓடும்போது மட்டும் எந்தக் காலத்திலும் நம்பாதீர்கள். கோழியோ, அது முயல் மாதிரியே படபடவென்று கிளம்புகிற ஜென்மம். செவலை கடைசிவரை கோழியோடு சமாதானம் ஆகவே இல்லை. இரண்டை இழந்த பிறகு நான்தான் கோழிக்குக் கம்பிவலை கட்டினேன்.

குழந்தையைப் பற்றி நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகக் கன்னி குழந்தைகளிடம் மூர்க்கம் காட்டுகிற நாய் இல்லை, கூச்சம்தான் அதிகம். ஆனால் தனியாகவே தூங்கி வளர்ந்த நாயைத் தூக்கத்தில் தொட்டால், கண் திறந்தபடியே தூங்குகிற நாயாகவும் அது இருந்தால், எழுவதற்கு முன் வாய் வந்துவிடும். எனக்கே இடது புறங்கையில் ஒரு தழும்பு உண்டு. கடித்த மறு விநாடி நாய் என்னைவிட அதிகமாகப் பயந்துபோய்ப் பரண் ஏணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அது படுத்திருக்கிற சாக்குப் பக்கம் பாப்பா போகக் கூடாது, எழுப்ப வேண்டுமென்றால் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டை மட்டும் பாப்பாவுக்குப் பழக்கிவிடுங்கள், நான்கு வயதுக்குப் புரியும். இரண்டு பேரையும் தனியாக ஒரே அறையில் விடாதீர்கள். வெறிநோய் ஊசி வருடம் தவறாமல் போட்டாக வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாப்பாடு சுலபம். ரேஸ் காலத்தில் சித்தப்பா முட்டை, கறி, பால் என்று தாராளமாகப் போட்டிருப்பார். அதை அப்படியே தொடர்ந்தால் ஆறு மாதத்தில் எடை ஏறி அந்த நொண்டிக் காலின்மேல் உட்காரும். கேழ்வரகுக் களியோ குழைந்த சாதமோ, அதோடு ஒரு முட்டை அல்லது வேகவைத்த கோழி, கொஞ்சம் மோர், இரண்டு வேளையாகப் பிரித்து. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிந்தால் அக்கம்பக்கத்தார் "பட்டினி போடறீங்களா" என்பார்கள். காதில் வாங்காதீர்கள், இந்த நாய்க்கு அதுதான் அளவு. இடுப்பெலும்பு கூராகத் துருத்தி, நடுவில் குழி விழுந்தால்தான் கவலை. வெங்காயம் போட்ட பிரியாணி மிச்சமும் வெந்த எலும்பும் வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பல்லையும் ஒரு தடவை பாருங்கள். சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல் தேய்ந்திருந்தால் களியை இன்னும் தளர்த்திக் கொடுங்கள். நடை காலையில் ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் முன்னால். ஓட்ட நாய்க்கு நாள் முழுக்க ஓட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இருபது நிமிடம் நடந்தால் மீதி நேரம் தூங்குகிற சோம்பேறிகள் இவை.

முயலுக்குப் போன விஷயம் வெளியே தெரிந்தால் வம்பா என்று கேட்டிருந்தீர்கள். நாயை வைத்திருப்பது குற்றமில்லை. இனிமேல் யாராவது "ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வந்து விட்டுடறோம்" என்று வந்தால்தான் வம்பு. காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நாயை விட்டுத் துரத்துவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான்; பிடிபடவில்லை, துரத்தத்தானே செய்தோம் என்ற பேச்சு நிற்காது. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். உங்கள் வாழப்பாடிப் பக்கம் பொங்கல் முடிந்து வங்காநரி பிடித்து ஆட்டம் காட்டிய ஊர்களில் வனத்துறை வந்து அபராதம் போட்ட கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். ரேஸுக்குக் கேட்டு வந்தாலும் கால் சரியில்லை என்று முடித்துவிடுங்கள், பொய்யும் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ராணி இப்போது சாப்பிடுகிறதா என்று எழுதவில்லை. ஒரே ஆளிடம் ஆறு வருடம் இருந்த நாய், அந்த ஆள் குரல் கேட்காமல் போனால் சில நாள் தட்டைத் தொடாது. சித்தப்பாவின் பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவந்து அதன் சாக்கின்மேல் போடுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஒரு தடவை, கயிற்றில் பிடித்து, அவர் கட்டில் வரைக்கும் கூட்டிப் போங்கள். பேச்சு வராவிட்டாலும் ஒரு கை அசையும் இல்லையா, அந்தக் கைப்பக்கமாக நிறுத்துங்கள்.